மருந்தளிக்கும் கை

திருக்குறளில் 95-ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்னும் பெயருடையது. அவ்வதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன் ஒருவன், அந்நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, அம்மருந்தை அருகிருந்து அளிப்பவன் ஒருவன். இந்த நான்காமவனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் ‘உழைச்செல்வான்’ என்பது. உழை என்னும் சொல்லுக்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்தே சென்று நிற்பவன் எவனோ அவனே உழைச்செல்வான்.

மருத்துவரை உலகம் போற்றுகிறது, நோயாளிக்கு இரங்குகிறது, மருந்தை விலை கொடுத்து வாங்குகிறது. நான்காமவனை மட்டும் பலரும் நினைப்பதில்லை. “கடையில் நின்று மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர்தாமே!” என்று எளிதாகச் சொல்லிவிடுவர். அங்ஙனம் எளிதாகப் பேசப்படும் தொழிலின் அருமையை ஆயக்குடியைச் சேர்ந்த மாணவி ஒருத்தி ஒரு கோடை விடுமுறையில் கண்டுணர்ந்தாள். அவள் அத்தொழிலைத் தேடிச் சென்ற வகையையும், அங்குக் கற்றுக்கொண்டவற்றையும் மாணவர் யாவரும் அறிதல் நன்று.

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், பழனியை அடைவதற்குச் சற்று முன்னே ஆயக்குடி அமைந்துள்ளது. தெற்கே பழனி மலைத்தொடர் நீல மதில்போல் நிற்கும். அம்மலையடிவாரத்துத் தோட்டங்களில் விளையும் கொய்யாப்பழமே அவ்வூருக்குப் பெயர் தந்தது. விடியற்காலையில் கூடைகளும் பெட்டிகளும் வந்திறங்கும். வணிகர் விலை பேசுவர். வெயில் ஏறுமுன் பழங்கள் பல ஊர்களுக்கும் புறப்பட்டுவிடும். அம்மாணவியின் தந்தை பழங்களைத் தரம் பிரிக்கும் தொழிலாளர். பழுத்த பழத்தை ஒரு புறமும், செங்காயை ஒரு புறமும் அவர் கைகள் தாமாகவே பிரித்து வைக்கும். பழுத்தவை அன்றைக்கே அருகிலுள்ள ஊருக்குச் செல்லும். செங்காய்கள் தொலைவிலுள்ள ஊர்களுக்குப் பயணப்படும்.

அவ்வீட்டில் மாணவியின் அப்பத்தாவும் இருந்தார். அவருக்கு நீரிழிவு நோய் உண்டு. எழுத்தறியாத அம்முதியவர் தம் மாத்திரைகளை நிறத்தாலேயே அறிந்து வைத்திருந்தார். காலையில் வெள்ளை மாத்திரை, இரவில் மஞ்சள் மாத்திரை என்பது அவர் கணக்கு. ஒருமுறை வேறொரு நிறுவனம் செய்த மாத்திரை வந்தது. மருந்து ஒன்றே, நிறம் மட்டும் வேறு. “இஃது என் மாத்திரை அன்று” என்று கருதி அப்பத்தா பத்து நாள் வரை அதனை உண்ணாமல் பெட்டியில் போட்டு வைத்துவிட்டார். உடல் தளர்ந்து படுத்த பின்னரே வீட்டார் உண்மையை அறிந்தனர். ‘கொடுத்தவர் அன்றைக்கே ஒரு சொல் சொல்லியிருந்தால் இத்துன்பம் நேர்ந்திராதே’ என்னும் எண்ணம் அம்மாணவியின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. அன்று முதல் மாத்திரை அட்டைகளில் அச்சிடப்பட்டிருக்கும் பெயர்களை அவளே படித்து அப்பத்தாவுக்கு விளக்கிவந்தாள்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்தது. மேலே என்ன படிப்பது என்னும் வினா எழுந்தது. ஞாயிறுதோறும் பல ஊர் இளைஞர் ஆயக்குடிக்கு வந்து அரசுப் பணித் தேர்வுகளுக்குக் கட்டணமின்றிப் பயின்று செல்லும் வழக்கத்தைக் கண்ட உறவினர், “நீயும் ஒரு பட்டம் பெற்று, அத்தேர்வினை எழுது” என்றனர். மாணவியோ மருந்தாளுநர் பட்டயப் படிப்பில் சேர விரும்பினாள். அவளுடைய வேதியியல் ஆசிரியை, “விரும்புவது நன்று. ஆனால் அத்தொழிலை ஒருமுறையேனும் அருகில் நின்று பார்த்தாயா? பாராமல் தேர்ந்து கொள்ளாதே. விடுமுறை முடியுமுன் ஒரு மருந்துக் கடையில் சில நாள் நின்று பார்த்து வா” என்று அறிவுரை கூறினார்.

அவ்வறிவுரையைக் கேட்பது எளிதாக இருந்தது. நிறைவேற்றுவது எளிதாக இல்லை.

மாணவி முதலில் சென்றது பெரியதொரு கடைக்கு. மாலை ஆறு மணி. சீட்டுகளை நீட்டிய கைகள் பல. எடுத்துக் கொடுப்பவர் இருவரே. கூட்டத்தினூடே அவள் தன் விருப்பத்தைச் சொன்னாள். “இது வியாபாரம் நடக்கும் இடம், பாப்பா. நின்று பார்க்க இடம் இல்லை” என்று விடை வந்தது. அவள் முகம் வாடித் திரும்பினாள். ஆயினும் பிழை முழுதும் அக்கடைக்காரருடையதன்று. நெருக்கடி மிக்க வேளையில், கையில் ஒரு கடிதமும் இன்றிச் சென்று கேட்டது அவளுடைய பிழையுமாகும். பிறருடைய வேலை நேரத்தை மதித்துச் சென்று கேட்பதே உதவி பெறுதற்கு முதற்படி என்பதை அவள் அன்று அறிந்தாள்.

வேறோர் ஊரிலிருந்த இரண்டாம் கடையில் நேர்ந்தது வேறு. கடைக்காரர் அவளை அன்போடு வரவேற்றார். “பார்ப்பதற்கு மட்டும் ஏன் வருகிறாய்? வேலைக்கே வா. மாதம் 7000 ரூபாய் தருகிறேன். சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவே. ஒரு வாரத்தில் எல்லாம் பழகிவிடும்” என்றார். சுவரில் மருந்தாளுநர் ஒருவரின் பதிவுச் சான்று கண்ணாடிச் சட்டத்துள் தொங்கியது. மாணவி அதனைச் சுட்டி, “இவர் எப்பொழுது வருவார், ஐயா?” என்று வினவினாள். “அவர் சான்றிதழ் இங்கே இருக்கிறதே, அது போதும்” என்று கடைக்காரர் நகைத்தார்.

மாதம் 7000 ரூபாய் என்பது அக்குடும்பத்திற்குச் சிறு தொகையன்று. இரண்டு மாத ஊதியம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி தீரும். தாய் மகிழ்ந்தார். தந்தை மட்டும் நெடுநேரம் பேசாதிருந்து, பின் ஒரு வினாவைக் கேட்டார். “அழுகிய பழம் ஒன்று பெட்டியில் போய்விட்டால் வாங்கியவர் அதனை எறிந்துவிடுவார். மாத்திரை மாறிப் போய்விட்டால் என்னம்மா செய்வது?” மகளுக்கு விடை தெரியவில்லை.

மறுநாள் அவள் ஆசிரியையிடம் சென்று கேட்டாள். அவர் சட்டத்தை எடுத்துரைத்தார். நம் நாட்டில் மருந்தாளுநர் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1948-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மருத்துவர் எழுதிய சீட்டின்படி மருந்தைக் கலப்பதும் அளிப்பதும் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உரியன என்றும், பிறர் அதனைச் செய்தல் தண்டனைக்குரிய குற்றம் என்றும் அச்சட்டத்தின் 42-ஆம் பிரிவு கூறுகிறது. மருந்தாளுநர் இல்லாத கடையில், பயிற்சியில்லாத ஒருத்தி மருந்து கொடுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. “சுவரில் தொங்கும் சான்றிதழ் சீட்டைப் படிக்குமா? ‘வேறு என்ன மாத்திரை உண்கிறீர்கள்’ என்று நோயாளியைக் கேட்குமா? சான்றிதழைப் பெற்ற மனிதர் அங்கே நிற்க வேண்டும், அம்மா” என்றார் ஆசிரியை.

மாணவி அவ்வேலையை மறுத்துவிட்டாள். தாய்க்கு வருத்தந்தான். வீட்டில் இரண்டு நாள் பேச்சுக் குறைந்தது. மூன்றாம் நாள் ஆசிரியை ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பழனியில் இருந்த ஒரு சிறு கடைக்குச் செல்லுமாறு கூறினார்.

அக்கடையை நடத்தியவர் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர். இம்முறை மாணவி நண்பகல் கழிந்து, கூட்டமில்லாத இரண்டு மணிக்குச் சென்றாள். கடிதத்தைக் கொடுத்து, “அம்மா, எனக்கு ஊதியம் வேண்டா. நான் அருகில் நின்று பார்க்க வேண்டும். கடையைப் பெருக்குவேன், அலமாரியைத் துடைப்பேன், நீங்கள் சொல்லும் சிறு வேலைகளைச் செய்வேன்” என்றாள். அம்மையார் கடிதத்தை இருமுறை படித்தார். பின்னர், “மூன்று கட்டளைகள் உண்டு. நோயாளிக்குச் செல்லும் மருந்தை உன் கை தொடக்கூடாது. இங்கே கேட்டதை உன் வாய் வெளியே சொல்லக்கூடாது. தெரியாததை ஊகித்துச் செய்யக்கூடாது, கேட்க வேண்டும். இம்மூன்றும் இயலுமாயின் நாளைக்கு வா” என்றார்.

மறுநாள் காலையில் அவள் கையில் ஒரு துணி தரப்பட்டது. அலமாரியைத் துடைப்பதே முதற்பாடமாயிற்று. துடைக்குந்தோறும் ஒரு பெயரைப் படித்தாள். ‘மெட்பார்மின்’ என்றொரு மருந்து. ‘மெட்ரோனிடசோல்’ என்று வேறொரு மருந்து. முன்னது நீரிழிவுக்கு உரியது. பின்னது சிலவகைத் தொற்று நோய்களுக்கு உரியது. இரண்டும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. விரைந்து எழுதிய சீட்டில் அவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றுதல் கூடும். இவை போன்ற பெயர்களை அம்மையார் ஒன்றையடுத்து ஒன்றாக வைப்பதில்லை. வெவ்வேறு தட்டுகளில் பிரித்தே வைத்திருந்தார். கை தவறும் இடம் எது என்பதை முன்னரே அறிந்து, அங்கே ஒரு தடையை வைத்திருக்கிறார் என்று மாணவி கண்டாள்.

காலாவதி நாள் குறித்த பாடம் அவளுக்கு எளிதில் விளங்கியது. விரைவில் காலம் முடியும் மருந்து முன்னே இருத்தல் வேண்டும். நெடுநாள் இருப்பது பின்னே இருத்தல் வேண்டும். அட்டையில் மாதமும் ஆண்டும் மட்டும் குறிக்கப்பட்டிருப்பின் அம்மாதத்தின் கடைசி நாள் வரை அம்மருந்து பயன்படும். “இதனை இவ்வளவு விரைவாக எங்குக் கற்றாய்?” என்று அம்மையார் கேட்டார். “எங்கள் அப்பா கொய்யாப்பழத்தை இப்படித்தான் அடுக்குவார்” என்றாள் மாணவி. அம்மையார் முதன்முறையாகச் சிரித்தார்.

பின்னர் ஒவ்வொன்றாகப் பல செய்திகள் அவளுக்குப் புலப்பட்டன. சீட்டில் ‘1-0-1’ என்றிருந்தால் காலையிலும் இரவிலும் ஒவ்வொன்று. நடுவிலுள்ள சுழியம் நண்பகலில் இல்லை என்பதைக் குறிக்கும். பயன்படுத்தத் தொடங்காத இன்சுலின் மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசு வரையுள்ள குளிரில் வைத்தல் வேண்டும்; உறைந்துவிட்டால் அதனைப் பயன்படுத்தலாகாது. சில அட்டைகளின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு ஓடும். மருத்துவர் சீட்டின்றி அம்மருந்தை உண்ணலாகாது என்பது அதன் எச்சரிக்கை. சிலவகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு 2013-ஆம் ஆண்டில் வகுத்த விதியின்படி தனிப் பதிவேடு ஒன்று உண்டு. சீட்டு எழுதிய மருத்துவர் யார், நோயாளி யார், மருந்து எது, எத்தனை என்று அதில் எழுதி, மூன்றாண்டு வரை காத்தல் வேண்டும். கண்ட நோய்க்கெல்லாம் அம்மருந்துகளை உண்டால் கிருமிகள் அவற்றுக்கு அடங்காமற் போய்விடும் என்னும் அச்சமே இவ்விதிகளுக்குக் காரணம்.

துணியைக் கையிலெடுத்துத் தொடங்கும் கல்வியை இழிவாகக் கருதுதல் கூடாது. சுவீடன் நாட்டில் 1757-ஆம் ஆண்டில், 14 வயதுச் சிறுவன் ஒருவன் கோத்தன்பர்க் நகரத்து மருந்துக் கடையொன்றில் பயிலுநனாகச் சேர்ந்தான். அவன் பெயர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. அக்கடையிலிருந்த பொருள்களையே ஆராய்ந்து, அங்கிருந்த நூல்களையே கற்று வளர்ந்த அச்சிறுவன், பிற்காலத்தில் பிராணவாயுவைத் தன் முயற்சியால் கண்டறிந்தான். 1774-இல் குளோரின் வாயுவையும் உலகுக்குக் காட்டினான். தமிழுலகிலும் இத்தகைய கல்வி உண்டு. 1847-இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தித் தமிழ் மாணவரை உடன் வைத்துப் பயிற்றினார். பின்னர் மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழில் ஆக்கினார். நூலும் வேண்டும், நூலை நோயாளியின் பக்கத்தில் வைத்துப் படிக்கவும் வேண்டும் என்பது அவர் காட்டிய வழி.

அம்மையாரும் ஓய்வு நேரத்தில் பழங்கதை சொல்வார். முன்னாளில் ‘கம்பவுண்டர்’ என்று அழைக்கப்பட்டவர் மருந்துகளை நிறுத்துக் கலந்து புட்டியில் ஊற்றிக் கொடுப்பார். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் காகிதத் துண்டு அப்புட்டியின் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும். மூத்தவரிடம் பார்த்துப் பழகியே பலர் அத்தொழிலைக் கற்றனர். 1932-ஆம் ஆண்டில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷராப் மருந்தியல் கல்வியைத் தொடங்கிவைத்த பின்னரே, இத்தொழிலுக்குரிய பல்கலைக்கழகக் கல்வி நம் நாட்டில் வேரூன்றியது. “இப்போது நாம் கலப்பதில்லை. ஆலையில் செய்த மாத்திரை அட்டையில் வருகிறது. ஆகையால் நம் வேலை குறைந்தது என்று எண்ணாதே. மருந்தைக் கலக்கும் வேலை போயிற்று, மருந்தை விளக்கும் வேலை வளர்ந்தது” என்பார் அவர்.

இவ்வாறு மூன்று வாரங்கள் கழிந்தன. ஒருநாள் நண்பகலில், தோட்டக் காவல் புரியும் முதியவர் ஒருவர் தனியார் மருத்துவர் எழுதிய சீட்டுடன் கடைக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து பணத்தை எடுப்பதற்காக உள்ளே இருந்தவற்றையெல்லாம் பலகைமேல் வைத்தார். அவற்றுள் அரசு மருத்துவமனையில் பெற்ற இரண்டு மாத்திரை அட்டைகளும் இருந்தன. அம்மையார் அப்போது உள்ளே சென்று, சீட்டில் கண்ட மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார். “கொஞ்ச நாளாகக் காலையில் கை நடுங்குகிறது, தாயி. வேர்த்துக் கொட்டுகிறது. போன வாரம் வரப்பில் விழுந்துவிட்டேன்” என்று முதியவர் மாணவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாணவியின் கண் அவ்வட்டைகள்மேல் சென்றது. அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டிய பழக்கத்தால் பெயர்களைப் படித்தாள். ஒன்று மெட்பார்மின், மற்றொன்று கிளிமிபிரைட். சீட்டில் எழுதியிருந்த மருந்தின் பெயரோ முற்றிலும் வேறு. ஆயினும் அம்மருந்தின் பெட்டியை அலமாரியில் அவள் துடைத்திருக்கிறாள். அதன்மேல் வணிகப் பெயருடன், கிளிமிபிரைட்டும் மெட்பார்மினும் சேர்ந்தது என்று அச்சிட்டிருந்தது அவள் நினைவுக்கு வந்தது. ஒரே மருந்துகளை இருவேறு பெயர்களில் இம்முதியவர் இரட்டிப்பாக உண்கிறாரோ என்னும் ஐயம் அவளுள் எழுந்தது.

அவள் நெஞ்சம் படபடத்தது. ‘தாத்தா, ஒன்றை நிறுத்திவிடுங்கள்’ என்று சொல்லச் சொல் நாவின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எதனை நிறுத்துவது? எந்த அளவு அவருக்கு உரியது? ஒருவேளை மருத்துவரே அறிந்து எழுதினாரோ? அவளுக்குத் தெரியாது. தெரியாததை ஊகிக்கலாகாது என்பது மூன்றாம் கட்டளை. அதற்காகப் பேசாதிருத்தலும் ஆகாது. கேட்க வேண்டும் என்பதும் அக்கட்டளையிலேயே உண்டு. அவள் உள்ளே சென்று, “அம்மா, அவர் பையில் உள்ள அட்டைகளை நீங்கள் ஒருமுறை பாருங்கள்” என்று மெல்லச் சொன்னாள்.

அம்மையார் வெளியே வந்து அட்டைகளைப் பார்த்தார். முதியவரை ஒரு நாற்காலியில் அமர்த்தினார். “இரண்டையும் உண்கிறீர்களா, ஐயா? எத்தனை நாளாக?” என்று பொறுமையோடு வினவினார். தனியார் மருத்துவரிடம் முன்னைய மாத்திரைகளைப் பற்றி முதியவர் சொல்லவேயில்லை என்பதும், ஒரு மாதமாக இரண்டையும் உண்டு வருகிறார் என்பதும் தெரியவந்தன. கிளிமிபிரைட் இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் குறைக்கும் மருந்து. அளவு மிகுந்தால் சர்க்கரை வேண்டிய அளவுக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது வேர்வையும் நடுக்கமும் மயக்கமும் தோன்றும். மேலும் குறைந்தால் உயிருக்கே இடையூறு நேரும். அம்மையார் அப்பொழுதே மருத்துவருடன் தொலைபேசியில் பேசினார். மருந்தைக் கொடாமல் நிறுத்திவைத்து, எல்லா அட்டைகளுடனும் அன்றைக்கே மருத்துவரிடம் வருமாறு முதியவருக்குத் துணையொருவரைச் சேர்த்து அனுப்பினார்.

இரண்டு வாரங்கள் கழித்து முதியவர் மீண்டும் வந்தார். மருத்துவர் ஒருவகை மாத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை நிறுத்திவிட்டார் என்றும், நடுக்கம் நின்றுவிட்டது என்றும் கூறி, மாணவியின் முன்னே நான்கு கொய்யாப்பழங்களை வைத்தார். அவர் சென்ற பின் அம்மையார், “நீ கண்டாய், அது நன்று. கண்டதை நீயே தீர்ப்பாகச் சொல்லாமல் என்னிடம் சொன்னாய், அது அதனினும் நன்று” என்றார். வேறு புகழ்ச்சி ஒன்றும் அவர் கூறவில்லை.

இரண்டாம் கட்டளைக்கும் ஒருநாள் சோதனை வந்தது. மாணவியின் தெருவைச் சேர்ந்த ஒருத்தி, மனச்சோர்வுக்கு உரிய மாத்திரைகளை வாங்க அக்கடைக்கு வந்தாள். ஊரில் வாங்கினால் பேச்சு எழும் என்று அஞ்சியே பழனி வரை வந்திருந்தாள். மாணவியைக் கண்டதும் அவள் முகம் வெளிறிப்போயிற்று. மாணவி தலை தாழ்த்தி அலமாரியைத் துடைக்கத் தொடங்கினாள். அன்று மாலை குழாயடியில் நின்ற பெண்கள், “நம் தெருக்காரி உங்கள் கடைக்கு வந்தாளாமே? அவளுக்கு என்ன?” என்று கேட்டனர். “கடைச் செய்தி கடையோடு, அக்கா” என்று சொல்லிக் குடத்தை எடுத்துக்கொண்டு மாணவி நடந்தாள். தாய் வீட்டில் கேட்டபோதும் அவள் சொல்லவில்லை. சில நாள் கழித்து அத்தெருப் பெண் எதிர்ப்பட்டபோது ஒன்றும் பேசவில்லை. மாணவியின் கையை ஒருமுறை பற்றி அழுத்திவிட்டுச் சென்றாள். நோயாளியின் செய்தி நோயாளிக்கே உரிய உடைமை. அதனைக் காப்பதும் மருந்தைக் காப்பது போன்ற கடமையே.

விடுமுறை முடிந்தது. மாணவி மருந்தாளுநர் பட்டயப் படிப்பில் சேர்ந்தாள். அப்படிப்பில் வகுப்புகள் இரண்டாண்டு நடைபெறும். அவை முடிந்த பின் 500 மணி நேரச் செயல்முறைப் பயிற்சி பெறுதல் வேண்டும். அப்பயிற்சி மூன்று மாதத்திற்குக் குறையாமல் பரந்திருத்தல் வேண்டும். அதில் 250 மணி நேரமேனும் சீட்டின்படி மருந்தளிப்பதில் செல்லுதல் வேண்டும் என்பது விதி. இந்தியாவில் 2008-ஆம் ஆண்டு தொடங்கிய ஆறாண்டு ‘பார்ம். டி.’ படிப்பிலும் இறுதி ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சியே ஆகும். அமெரிக்க நாட்டில் இத்தொழிற்கல்வி பயில்வோர் தொடக்கக் காலத்தில் குறைந்தது 300 மணி நேரமும், இறுதியாண்டில் 1440 மணி நேரமும் மருந்தகங்களிலும் மருத்துவமனைகளிலும் பயில்கின்றனர். நாடு வேறாயினும், அருகில் நின்று கற்க வேண்டும் என்னும் நெறி யாண்டும் ஒன்றே.

மாணவி தன் 500 மணி நேரப் பயிற்சியை ஓர் அரசு மருத்துவமனையில் பெற்றாள். 1994-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி அனுப்பும் மருந்துகள் அங்கே வந்து இறங்கும். காலையில் நீண்ட வரிசை நிற்கும். சாளரத்தின் ஊடே ஒவ்வொருவராகச் சீட்டை நீட்டுவர். ஒருவருக்குச் செலவிடக் கிடைப்பது ஒரு சில நொடிகளே. அந்த நொடிகளுக்குள், மருந்தாளுநரின் மேற்பார்வையில், அவள் தவறாமல் கேட்ட வினா ஒன்று உண்டு: “வேறு மாத்திரை ஏதேனும் உண்கிறீர்களா?” வரிசையில் பின்னே நின்றவர் சிலர் முணுமுணுத்தனர். அவள் அவ்வினாவை விட்டுவிடவில்லை.

மாணவரில் பலர் மருத்துவம் சார்ந்த தொழிலை விரும்புகின்றனர். விருப்பம் நல்லது. அவ்விருப்பத்தை முன்னரே சோதித்துப் பார்த்தல் அதனினும் நல்லது. பதிவு பெற்ற மருந்தாளுநர் நாள்தோறும் நின்று பணிபுரியும் இடத்தை நாடுக; ஆசிரியரின் கடிதத்துடன், கூட்டமில்லாத வேளையில் செல்க; ஊதியத்தைவிடப் பயிற்சியை விரும்புக; உரிமையில்லாத வேலையை எவர் தந்தாலும் மறுத்திடுக. ஒரு கதவு மூடினால் மற்றொரு கதவைத் தட்டுக. உள்ளே இடம் கிடைத்த பின் கண்ணைத் திறந்தும் வாயை அடக்கியும் நிற்க. இங்ஙனம் நிற்பதில் செலவு யாதும் இல்லை. பொறுமை ஒன்றே வேண்டும்.

ஆயக்குடியில் அப்பத்தா இன்றும் மாத்திரைகளை நிறத்தாலேயே அறிகிறார். ஆனால் நிறம் மாறி வரும் நாளில் அவற்றைப் பெட்டியில் போட்டுவிடுவதில்லை. பேத்தி வேலையிலிருந்து திரும்பும்வரை திண்ணையில் காத்திருந்து, அட்டையை அவள் கையில் கொடுத்து, “இஃது என்னுடையதுதானா என்று பார், கண்ணு” என்கிறார். பேத்தி பக்கத்தில் அமர்ந்து பெயரைப் படித்துச் சொன்ன பின்னரே, அம்மூதாட்டி தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுக்கிறார்.